காலம் தவறி வந்த மூச்சிரைப்பு
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நாங்கள் மருந்து கொடுக்கிறவர்கள் அல்ல. பிள்ளைகளின் கட்டிலருகே பெற்றோருடன் இருக்கிறவர்கள். கொரோனாவுக்குப் பின் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்தோமே, பிறகு ஏன் இந்த மூச்சிரைப்பு? நாங்கள் செய்தது தவறோ?”

கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைத் தரும் கிருமிகளில் முக்கியமானது ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ். நம்மில் பலருக்கு அது வெறும் ஜலதோஷம். சிசுவுக்கோ நுரையீரலின் மெல்லிய குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடும். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் இது தொட்டுவிடுகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 2020ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிள்ளைகளிடம் ஆர்.எஸ்.வி. முந்தைய ஆண்டுகளைவிட 98 சதவீதம் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று எண்ணும் வேளையில், அவ்வாண்டின் இறுதியில், கோடை தொடங்கும் காலத்தில், வழக்கமான குளிர்கால அளவையும் மிஞ்சி அது திரும்பி வந்தது. நோயுற்ற பிள்ளைகளின் வயதும் முன்னைவிடக் கூடியிருந்தது. அமெரிக்காவிலும் 2021இல் கோடையிலேயே பரவியது. 2022இல் இலையுதிர் காலத்திலேயே மருத்துவமனைகள் நிரம்பின.

காரணம் எளிது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தொற்றிச் செல்லும் கிருமியை அந்நாட்களில் அநேகம் பிள்ளைகள் சந்திக்கவே இல்லை. கதவு திறந்தபோது அது அத்தனை பேரையும் ஒருமிக்கச் சந்தித்தது.

ஆகையால் அந்தப் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: நீங்கள் தவறு செய்யவில்லை. முதல் ஆறு மாதங்களே மிகவும் ஆபத்தானவை. அந்த மாதங்களைக் கடத்திவிட்டதே பெரிய காரியம்.

உலகமெங்கும் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,00,000 பிள்ளைகள் இந்நோயால் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளின் பிள்ளைகள். இன்று கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசியும், பிறந்த சிசுவுக்கு நேரடியாகப் பாதுகாப்பளிக்கும் நிர்செவிமாப் என்னும் ஊசியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இவ்விரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் கைக்கொள்ளப் பரிந்துரைத்தது. விலையோ ஏழைக்கு எட்டுவதாக இல்லை.

ஊசி எட்டாத இடத்தில் பிராணவாயுவும், தாய்ப்பாலும், விழித்திருக்கும் நர்ஸுமே பிள்ளையைக் காக்கிறார்கள். கிருமி நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை என்பதை இந்த ஆண்டுகள் கற்பித்தன. ஆகவே சிலிண்டர் எந்த மாதத்திலும் நிறைந்திருக்க வேண்டும். உங்கள் காணிக்கை அதற்கே உதவுகிறது.

பணமில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜலதோஷம் உள்ளவர்கள் பச்சைக் குழந்தையை முத்தமிடாதிருங்கள்; கைகழுவித் தூக்குங்கள். குழந்தை பால் குடிக்காமல், விலாவின் கீழ் குழி விழ மூச்சுவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.