காசு கொடுத்தாயிற்று, இனி என்ன கொடுப்போம்?



எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, பல்கலைக்கழகமும் அயலில் வாழும் மக்களும். அதற்குள் நேராகவே போகிறேன்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கான 30 இலட்சம் டொலர் 2021-ஆம் ஆண்டு சேர்ந்து நிறைந்தது. அந்தப் பணம் எப்படி வந்தது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் தந்தது. வசதியுள்ளவர்கள் பெருந்தொகை தந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், இரவு வேலைக்குப் போகிறவர்களும் ஓய்வூதியத்தில் சீவிக்கிறவர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் காசு கொடுத்தவருக்கு மனநிறைவோடு ஒரு களைப்பும் வரும். எங்கள் கடமை முடிந்தது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டுக்குப் போய்விடுவோம். பல்கலைக்கழகமும் நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டுத் தன் பாட்டைப் பார்க்கும். பத்து வருடம் கழித்து அந்த இருக்கை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருக்கும், ஆனால் எங்களில் ஒருவருக்கும் அதன் வாசல் தெரியாது. இப்படி ஆகிவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறேன்.

1986 ஆகஸ்ட் மாதத்தை எண்ணிப் பாருங்கள். நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகள் அலைந்துகொண்டிருந்தன. அவற்றுக்குள் 155 தமிழர். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டார். கண்டதும் கரை சேர்க்க உதவினார். நீ யார், உன் கடதாசி எங்கே என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கரையேறிய பிறகுதான் நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. இவர்கள் யார்? எதற்காக ஓடி வந்தார்கள்? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்ததையும், 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையையும் கனடிய மக்களுக்கு ஆதாரத்தோடு எடுத்துச் சொல்ல அன்று இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் இருந்தார்கள்? 2010-இல் சன் சீ கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. அதற்குள் நாங்கள் இங்கே பெருந்தொகையாகி விட்டோம், கடை வைத்தோம், கோயில் கட்டினோம். அப்போதும் தொலைக்காட்சியில் அந்த மக்களைப் பற்றி விளக்கம் சொன்னவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள்தான். ஓர் ஊர் மக்களின் துயரம் செய்தியாக வந்து மறுநாள் மறையாமல், ஆவணமாக, பாடமாக, கேட்டவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் நூலாக நிற்க வேண்டுமானால் பல்கலைக்கழகம் வேண்டும். இருக்கைக்கு நான் காசு கொடுத்தது அதற்காகத்தான்.

இந்த வழியில் நாங்கள் முதல் ஆட்கள் அல்லர். இதே பல்கலைக்கழகத்தில் 1980-இல் உக்ரேனிய மக்கள் தங்கள் இருக்கையை நிறுவினார்கள். 1971-இல் பிரதமர் ட்ரூடோ பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தபோது, அதற்காக முன்னின்று குரல் கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்த இருக்கைக்கு வந்தவர் போல் ரொபர்ட் மகோச்சி. அமெரிக்காவில் பிறந்தவர்; கார்பாத்திய மலைப்பக்கத்து ருசின் மக்களின் வரலாற்றில் தேர்ந்தவர். எங்கள் காசில் எங்கள் ஆளை வைக்கவில்லையே என்று சமூகத்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. பல்கலைக்கழகம் அசையவில்லை. 1996-இல் அவருடைய உக்ரேன் வரலாறு வெளிவந்தது. உக்ரேனியரின் பெருமை மட்டும் பேசும் புத்தகமாக அது வரவில்லை. அந்த மண்ணில் வாழ்ந்த போலந்தியர், யூதர், கிரிமியத் தாத்தாரியர், ரஷ்யர், ஜெர்மானியர் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். 2016-இல் யோஹனன் பெட்ரோவ்ஸ்கி-ஷ்டெர்ன் என்ற யூத வரலாற்றறிஞரோடு சேர்ந்து, யூதரும் உக்ரேனியரும் ஆயிரம் ஆண்டு அருகருகே வாழ்ந்த கதையை எழுதினார். இரு பக்கமும் ஆறாத காயம் உள்ள உறவு அது. ஒரே புத்தகத்துக்குள் இருவரும் எழுதினார்கள். பிறகு 2022-இல் முழு அளவில் போர் மூண்டது. உக்ரேன் என்று ஒரு நாடு உண்டா, அதற்கென்று ஒரு வரலாறு உண்டா என்ற கேள்வி உலகம் முழுக்கக் கிளம்பியபோது, எடுத்துக் காட்டுவதற்கு நூல்கள் இருந்தன. துதிப்பாடலாக எழுதியிருந்தால் அன்று அந்நியர் ஒருவரும் அவற்றைப் புரட்டியிருக்கமாட்டார்.

எங்கள் இருக்கையிலும் சங்கடமான கேள்விகள் எழும். எழ வேண்டும். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்களே, அந்த வீடுகளில் பிறகு யார் இருந்தார்கள் என்று கேட்பாள். இன்னொருவன், மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948-இல் பறித்தபோது யாழ்ப்பாணத்தார் எங்கே நின்றார்கள் என்று கேட்பான். சாதியைப் பற்றிக் கேட்பார்கள். கடல் கடந்து வந்தும் கலியாணப் பேச்சில் அது எப்படி எழுந்து வருகிறது என்று கேட்பார்கள். யாழ்ப்பாண நூலகத்துக்காக ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். 1994-இல் இதே ரொறன்ரோவில் தேடகம் என்ற தமிழ் அமைப்பின் நூலகம் எரிந்ததே, அதை எத்தனை மேடையில் பேசினோம் என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விகள் வரும்போது, காசு கொடுத்தவன் நான் என்று ஒருவரும் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுக்கக் கூடாது. உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நாங்கள் கட்டிக் கொடுத்தது புலமைக்கான இடம். அங்கே எங்களுக்குக் கசப்பான உண்மையும் பேசப்பட்டால்தான், எங்கள் மக்களுக்கு நடந்த அநியாயத்தைப் பேசும்போது பிறர் நம்புவார்கள்.

இப்போது மேடையில் இருக்கும் பேராசிரியர்கள் பக்கம் திரும்புகிறேன். நீங்கள் என் விருந்தினர், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ ஆய்வாளர்கள் எங்கள் வீடுகளுக்கு வந்தார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து மீண்டு வந்த தாய்மாரைக் கண்டு கதைத்தார்கள். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஓர் ஒப்புதல் படிவம். மகள் அவசரமாக மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா கையெழுத்து வைத்தார். இரண்டு மணிநேரம் அழுது அழுது சொன்னார். போனவர்கள் பிறகு வரவில்லை. அவர் சொன்னது எங்கே போனது, எந்தப் புத்தகத்தில் எப்படி வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சந்தா கட்டினால்தான் திறக்கும் ஆய்விதழ் ஒன்றில் அது இருக்கலாம். அவருடைய பேரப்பிள்ளைகூட அதை வாசிக்கக் காசு கட்ட வேண்டும். இது சரியா?

இதற்கு மருந்து தேடி எங்கும் போகத் தேவையில்லை. இந்த நாட்டின் முதற்குடி மக்கள் வழி காட்டியிருக்கிறார்கள். எங்களைப் பற்றிய தரவு யாருக்கு உரியது, அதை யார் ஆள்வது, யார் பார்க்கலாம், யார் கைவசம் வைத்திருப்பது என்ற நான்கு கேள்விகளை வைத்து அவர்கள் 1998-இல் தொடங்கி ஆய்வுக்கு ஒரு நெறியை வகுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களை அளந்து, எழுதி, அள்ளிக்கொண்டு போனவர்களைப் பார்த்துப் பட்ட அனுபவத்தில் பிறந்த நெறி அது. எங்கள் ஸ்காபரோவிலேயே, லோறன்ஸ் வீதிக்கும் பெல்லமி வீதிக்கும் பக்கத்தில், 1956-இல் மண் வெட்டியபோது ஒரு மேட்டுக்குள்ளிருந்து வெண்டாட் மக்களின் எலும்புகள் வெளிப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஒன்றாக அடக்கம் செய்த இடம். டேபர் ஹில் என்று பெயர். எங்களில் பலர் அதைக் கடந்துதான் நாளாந்தம் வேலைக்குப் போகிறோம். மண்ணை இழந்து வந்த நாங்கள், மண்ணை இழந்தவர்களின் மண்ணில் குடியிருக்கிறோம். தமிழ் இருக்கையில் இருப்பவர்கள் அந்த மக்களோடு உட்கார்ந்து, ஆய்வு எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று கற்றுக்கொள்ளட்டும். பல்பண்பாடு என்றதும் எங்களுக்குள் நாங்கள் நடனமும் சிற்றுண்டியும் வைத்துக் கலைந்து போவதைவிட இதற்குப் பெறுமதி கூட.

சரி, மக்கள் கொடுக்க வேண்டியது என்ன? இதோ, இதைப் பாருங்கள். ஒரு கல்வெட்டு. இறந்தவரின் நினைவாக அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று மண்டப வாசலில் வைத்துக் கையில் தருவார்களே, அந்தப் புத்தகம்தான். யாருடையது என்று சொல்லமாட்டேன். குடும்பத்தாரிடம் கேட்டு, பெயர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்து எடுத்து வந்தேன்.

அட்டையில் கோட்டும் ரையும் போட்ட ஒரு பெரியவர். உள்ளே பிள்ளையார் படம், பிறகு திதி வெண்பா, தேவாரம், வம்ச விருட்சம். வாழ்க்கை வரலாற்றில் பாருங்கள்: தகப்பனார் மலாயா புகையிரதப் பகுதியில் இலிகிதர். மகன் ஊருக்குத் திரும்பி வந்து பள்ளி ஆசிரியர். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தைவிட்டு எல்லோரோடும் நடந்தார். வன்னி, கொழும்பு, பிறகு ரொறன்ரோ. நன்றி சொல்லும் பக்கத்தில் பிள்ளைகளின் இருப்பிடம்: ஒஸ்லோ, பரிஸ், மெல்பேர்ண், மார்க்கம். பிறந்த ஆண்டை யாரோ பேனாவால் வெட்டித் திருத்தியிருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். உண்மை அறிந்த யாரோ ஒரு சகோதரியின் கையாக இருக்கும். ஒரு நூற்றாண்டுக் காலக் குடிபெயர்வு நாற்பது பக்கத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. எந்த அரசாங்கக் கோப்பிலும் இது இப்படிக் கிடைக்காது.

கடைசியில் ஒரு பக்கம், பேத்தி ஆங்கிலத்தில் எழுதியது. அப்பப்பாவோடு சனிக்கிழமைகளில் நடக்கப் போனது, அவர் சட்டைப்பையில் இருந்து எடுத்துத் தரும் கல்கண்டு, நல்லாய் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை அப்பம்மா வாசிக்கமாட்டார். மற்ற முப்பத்தொன்பது பக்கத்தையும் பேத்தி வாசிக்கமாட்டாள். ஒரே புத்தகத்துக்குள், ஒரே வீட்டுக்குள் இந்தப் பிளவு. தமிழ் வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படி எத்தனை கல்வெட்டுகள் எங்கள் பேஸ்மன்ட் அலுமாரிகளில் கிடக்கின்றன! கோயில் மலர்கள், பழைய மாணவர் சங்க மலர்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், ஊரில் இருந்து வந்த நீலநிற விமானக் கடிதங்கள். வீடு விற்கும்போது, அல்லது பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, இவையெல்லாம் மறுசுழற்சிப் பெட்டிக்குள் போகின்றன. நூலகம் எரிந்ததற்கு அழுகிற நாங்கள் எங்கள் கையாலேயே இதைச் செய்கிறோம். 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் தொண்டர்கள் 2005 முதல் இத்தகைய ஏடுகளைத் தேடித் தேடி இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். ஸ்காபரோ வளாகத்தின் நூலகமும் அவர்களோடு கைகோர்த்துப் பணி செய்திருக்கிறது. ஒரு மக்கள் நிறுவனமும் ஒரு பல்கலைக்கழகமும் சமமாக இருந்து வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது கண்முன்னே இருக்கும் சான்று. இதை இன்னும் பெருக்க வேண்டும்.

பேராசிரியர்களே, பாடத்தின் ஒரு பகுதியாகவே மாணவர்களை எங்கள் முதியோரிடம் அனுப்புங்கள். அதற்குப் புள்ளியும் கொடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் அனுப்ப வேண்டாம். ஜமேக்காவில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, பிலிப்பீனோப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, எல்லோரும் வரட்டும். எங்கள் அம்மாமார் தேநீர் ஊற்றித் தருவார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஆய்வு முடிந்ததும் அதன் சாரத்தைத் தமிழில் எழுதி, சொன்னவரின் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். கருத்தரங்கு வைத்தால் பகல் பதினொரு மணிக்கு வளாகத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள். மாலையில், ஸ்காபரோவின் மோல்வேன் பகுதியில், வேலை முடிந்து வருகிறவர்கள் வரக்கூடிய இடத்தில் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கணினி படிக்கிறான், மருத்துவம் படிக்கப் போகிறாள், சந்தோசம். அவர்கள் தமிழ் வரலாற்றில் ஒரு பாடம் எடுக்கப் போகிறேன் என்றால், அதனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு அடக்காதீர்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் இருந்தால்தான் இருக்கை நிற்கும். காசு மட்டும் அதை நிறுத்தி வைக்காது.

இந்த மண்டபத்தின் வலப்பக்க வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள கல்வெட்டு, மலர், கடிதம் எதுவானாலும் கொண்டுவந்து கொடுங்கள். மின்வருடியில் படியெடுத்துவிட்டு, மூலத்தை அன்றைக்கே உங்கள் கையில் திருப்பித் தருவார்கள். படிவம் தமிழில் ஒரு பக்கம். எதை எல்லோரும் பார்க்கலாம், எதை ஆய்வாளர் மட்டும் பார்க்கலாம், எதை இப்போதைக்கு ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று நீங்களே குறித்துக் கொடுக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்பவர்கள் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்துவிட்டு வாருங்கள். வர இயலாத முதியவர்கள் இருந்தால் அவர்களுடைய முகவரியை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக்கே வருவார்கள்.