மழைநீரில் ஒரு மருந்து



புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு, மகர்பட்டாவில் பெய்யும் மழையிலும் உண்டென்றால் வியப்பீர்கள். கதிரவனொளியில் ஓசோனும் நீராவியும் வினைபுரிவதன் விளைவாகத் தோன்றும் இப்பொருள் மேகத்துளியில் எளிதிற் கரைகிறது. லிட்டருக்குச் சில மில்லிகிராமை எட்டுவதும் அரிது. மருந்துக்கடைப் புட்டியிலோ 30 கிராம்! எனவே குழந்தைகள் மழையில் நனைவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆயினும் அதன் வேலை சிறிதன்று. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டையாக்சைடை மேகத்துளிக்குள்ளேயே கந்தக அமிலமாக்குவதில் முதன்மையானது இதுவே. நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மீன்கள் மடிந்தது அத்தகைய அமில மழையால்.

நம் புனேயில், 1962-இல் தோன்றிய இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, இங்குள்ள மழை பெரும்பாலும் அமிலமாக இல்லை. காரணம், நாம் நாள்தோறும் சலித்துக்கொண்டு துடைக்கும் புழுதிதான்! அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தை முறிக்கிறது. புழுதி அடங்கிப் புகை பெருகுமாயின் இக்காப்பும் குறையும்.