சுவரில் தொங்கும் பரீட்சை

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எமது கல்லூரியில் சித்திரம் கற்றுப் பல்கலைக்கழகம் சென்ற தங்கைமார் சிலர் மருதனார்மடத்தில் இறுதியாண்டுக் கண்காட்சிக்கு ஆயத்தமாகிறார்கள். அவர்களுக்காகவே இன்று பேசுகிறோம்.

உயிரியல் படித்து வைத்தியரான எங்கள் இறுதிப் பரீட்சை பரீட்சகர் முன்னால் மட்டும் நடந்தது. இவர்களோ தமது பரீட்சையை ஊர் பார்க்கச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். செய்த வேலைகளில் எதை வைப்பது, எதை விலக்குவது என்று தெரிவதே பாதிப் பரீட்சை. பிறகு கன்வஸை இழுத்துக் கட்டி, சட்டம் போட்டு, கண் மட்டத்தில் தொங்கவிட்டு, வெளிச்சம் பார்த்து, தலைப்பு அட்டை எழுதவேண்டும். இதற்கு நடுவே, "இதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும்.

அந்தப் பதிலில் ஒரு பங்கை நாங்களும் சொல்லலாம். உடற்கூற்றியலில் நாடியைச் சிவப்பிலும் நாளத்தை நீலத்திலும் நரம்பை மஞ்சளிலும் கீறித்தான் படித்தோம். எக்ஸ்ரே படத்திலும் நாங்கள் வாசிப்பது ஒளியையும் நிழலையுந்தான். உற்றுப் பார்க்கும் பழக்கத்தை எமக்குத் தந்தது சித்திர வகுப்பு.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதுமல்ல. 1938இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் சித்திரக் கழகத்தைத் தொடங்கினார். பின்னர் ஓவியர் அ. மாற்கு பல மாணவரை உருவாக்கினார். ஆனால் அந்தக் காலத்துப் படங்களை இன்று எத்தனை வீடுகளில் காணலாம்? 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் பள்ளிச் சிறுமிகள். சைக்கிளில் அரிசி ஏறியது, உடுப்பு ஏறியது, சான்றிதழ்கள் ஏறின. படங்கள் சுவரிலேயே நின்றன. திரும்பி வந்தபோது சில வீடுகளில் அந்தச் சுவரும் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் இருப்பவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஆறுதலாகப் பாருங்கள். பிடித்த படத்தை அன்பளிப்பாகக் கேட்காமல் விலை கொடுத்து வாங்குங்கள். பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாப் படங்களையும் நிழற்படம் எடுத்து ஆவணப்படுத்தும் செலவைப் பொறுப்பேற்கலாம். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வெவ்வேறு சுவர்களில் இருக்கும் படங்கள் ஒரே நாளில் அழிந்துபோகமாட்டா.

எமது கல்லூரியின் இருநூறாவது ஆண்டு மலரைத் தயாரிப்பவர்கள், 'அக்காலத்து மாணவிகள் கீறியவை எங்கே?' என்று தேடி அலையவேண்டாம். அவை எங்கள் வீடுகளில் இருக்கட்டும்.