தொங்கும் எஞ்சின்

பழைய அம்பாசிடருக்கு மாற்று எஞ்சின் வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு ஆள் எடைக்கு மேல் வரும் இரும்பு அது. முருங்கைக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டிவிடாதீர்கள். முருங்கையை நம்பிப் பேய்கூட ஏற யோசிக்கும்! இரும்பு முக்காலிதான் நல்லது. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையையோ காலையோ நீட்டவே கூடாது.

இறக்குவதற்கு முன்பே கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நெடுநாள் கிடந்த எஞ்சின் என்றால், ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஸ்பானர் போட்டுக் கையாலேயே சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் வாங்கிய இடத்துக்கே திருப்பிவிடலாம். மாட்டும்போது கியர்பாக்ஸ் தண்டின் மேல் எஞ்சின் பாரம் தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும். முதலில் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது பழைய எஞ்சின் நம்பர். மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.