காரைக்கால் கடலோரமும் ஒருங்கிணைந்த சுற்றுகளும்

டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றைத் தனித்தனியே செய்து கம்பியால் இணைக்காமல், ஒரே குறைக்கடத்தித் துண்டில் சேர்த்தே உருவாக்கும் மின்சுற்றுக்கு ஒருங்கிணைந்த சுற்று என்று பெயர், வழக்கில் சில்லு. 1958 செப்டம்பரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி ஜெர்மானியத் துண்டொன்றில் அதை இயக்கிக் காட்டினார். அதிலும் இணைப்புக் கம்பிகள் வெளியே துருத்திக்கொண்டுதான் இருந்தன. மறு ஆண்டு ஃபேர்சைல்டின் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கானை மூடிய ஆக்சைடு படலத்தின் மேல் உலோகத் தடங்களைப் பதிக்கும் வழியைச் சொல்லி அந்தக் கம்பிகளையும் ஒழித்தார். சில்லுகள் மலிவாவது அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வரலாற்றைக் கணினியை வைத்துச் சொல்வது வழக்கம். காரைக்காலில் படகை வைத்துச் சொல்வதே பொருத்தம். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களின் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ஆகியவை இன்று வலையைப் போலவே தொழிற்கருவிகள். முன்பு கரை அடையாளமும் விண்மீனும் திசை சொல்லின. கயிற்றில் கட்டிய குண்டு ஆழத்தைப் பாகக் கணக்கில் சொன்னது.

ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரின் கணக்கு எளிது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப 0.04 வினாடி போதும். ஜிபிஎஸ் அப்படியல்ல. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களின் மெலிந்த அலைகளை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுத்து, குறைந்தது நான்கின் நேரத்தை ஒப்பிட வேண்டும். நேரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் இடம் 300 மீட்டர் தவறும். 1980களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கைச் செய்ய 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி தேவைப்பட்டது. இன்று நகத்தளவு சில்லு, படகின் பேட்டரியை அதிகம் உறிஞ்சாமல், அதைச் செய்துவிடுகிறது.

1974, 1976 உடன்பாடுகள் வகுத்த இந்திய - இலங்கைக் கடல் எல்லையையும் ஜிபிஎஸ் கருவியின் திரையில் கோடாகப் பார்க்கலாம். கோட்டைக் காட்டுவதோடு சில்லின் வேலை முடிகிறது. மீன் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. காரைக்கால் மீனவர் பிடிபடும் செய்தியும் நின்றபாடில்லை.

கைபேசிக் கோபுரத்தின் அலை கரையை விட்டுச் சில கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாமல் போனதற்கு இது ஒரு காரணம். 2019இல் வந்த ஜெமினி கருவி, ககன் என்னும் இந்திய அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியே எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைபேசிக்குத் தரும். ஆனால் அது கேட்கும், பேசாது. ஆபத்தில் இருக்கும் படகு பதில் சொல்ல வேண்டுமானால் இருவழி டிரான்ஸ்பாண்டர் தேவை; 1 லட்சம் படகுகளுக்கு அதைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024இல் தொடங்கியது.

கரையின் வானிலைக் கருவிகளிலும் சில்லுகள் உண்டு. காரைக்கால் டாப்ளர் ரேடார், திரும்பும் அலையின் கட்ட மாற்றத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கிறது. வானிலை நிலையம் பறக்கவிடும் பலூனில் தொங்கும் ரேடியோசோண்டு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அனுப்பியபடியே மேலேறுகிறது. பலூன் வெடித்ததும் பெரும்பாலும் தொலைந்தே போகிறது. ஒரே முறை பயன்படும் அந்தக் கருவிக்குள்ளும் இன்று இருப்பது சில்லுதான்.

சில்லை எங்கே செய்வது என்பதில் இந்தியாவின் நடை சீரானதல்ல. மொகாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1989 தீவிபத்தில் பெரும் சேதமடைந்தது. சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018இல் அமெரிக்காவில் 22 நானோமீட்டர் முறையில் உருவானது. பிறகு மொகாலியில், நுணுக்கம் குறைந்த 180 நானோமீட்டர் முறையில் வந்தது. ஏவூர்திகளுக்கான விக்ரம் 3201 செயலியும் அதே 180 நானோமீட்டர்தான். இதைப் பின்தங்கிய தொழில்நுட்பம் என்று ஒதுக்குவது அவசரம். மீன்பிடிப் படகுக்கு வேண்டியது உச்ச வேகமல்ல. குறைந்த மின்செலவும் நீண்ட ஆயுளும். மேலும், படகில் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் சில்லு அல்ல, உப்புக்காற்றில் அரித்துப்போகும் பற்றவைப்பும் இணைப்பு முனையும். திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கும் இந்த மாவட்டத்தில், சுற்று வடிவமைப்போடு உறையிடுதலையும் பழுதுபார்ப்பையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.