தீமை கையிலா, கருவியிலா?

(பாலவாக்கம் கடற்கரைக் கூட்டமொன்றில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பாலவாக்கத்துக் கடற்கரைக்கு வடபால் சென்னைத் துறைமுகம். தென்பால், மாமல்லபுரத்தையும் கடந்து சென்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம். இரண்டுக்கும் இடையே வலைஞர் குப்பங்களும், இன்று அவற்றை நெருக்கிக்கொண்டு எழும் மாடமாளிகைகளும் நிற்கின்றன. இக்கரை, கடல்வழி வந்த போரை ஒருமுறை கண்ட கரை. 1914ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவில், எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி ஏறத்தாழ 130 குண்டுகளை எறிந்தது. எண்ணெய்க் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன, சிலர் மாண்டனர், பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளோடு நகரை விட்டு அகன்றனர். அன்று தொட்டு 'எம்டன்' என்பது தமிழர் வாயில் ஒரு பொதுச்சொல்லாயிற்று. அஞ்சத்தக்கவனை, எவருக்கும் பிடிகொடாதவனை, 'அவன் பெரிய எம்டன்' என்பது இன்றும் வழக்கு.

ஆயினும் அக்கப்பலின் தலைவனாகிய கார்ல் வான் முல்லர் என்பான், தான் பிடித்த வணிகக் கப்பல்களை மூழ்கடிக்குமுன், அவற்றிலிருந்த பணியாளரைப் பாதுகாப்பாக இறக்கிவிட்ட பின்னரே மூழ்கடித்தான் என்று அவன் பகைவரே எழுதி வைத்துள்ளனர். கொடுமைக்குத் தமிழர் இட்ட பெயர், அத்துணைக் கொடுமையில்லாத ஒருவனது கப்பலின் பெயராக அமைந்தது! கொடியவன் யார் என்பதை மக்கள் எவ்வளவு விரைந்து முடிவு செய்துவிடுகின்றனர் என்பதற்கு இஃதொன்றே போதும்.

இந்த விரைவை நன்கறிந்தவர்கள் திரைப்படம் எடுப்போர். ஒருபுறம் கதைத்தலைவன், எதிர்ப்புறம் ஈவிரக்கமற்ற ஒருவன், இருவர்க்கும் நடுவே உலகையே சாம்பலாக்கத்தக்க ஒரு கருவி. அக்கருவி கொடியவன் கையிலிருந்து நல்லவன் கைக்கு மாறியதும் விளக்குகள் எரியும். மக்கள் எழுந்து வீடு செல்வர். அக்கொடியவனுக்குத் தமிழில் பெயரில்லாதது போல் 'வில்லன்' என்று ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கினர். வில்லையுடையான் வில்லன் என்று தமிழ் மாணவன் பொருள் கொண்டு, அம்பு எங்கே என்று தேடினால் அவனை நகைப்பதற்கில்லை.

இவ்வகைப் படங்களுள் இரண்டனை இங்கு எடுத்துக்கொள்ளத் தகும். ஒன்று 1973இல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்'. ம.கோ.இரா. தாமே இயக்கி, இரட்டை வேடம் பூண்டு நடித்த படம். மற்றொன்று 1986இல் வந்த 'விக்ரம்'. கமலகாசன் நடித்து, எழுத்தாளர் சுசாதா கதை எழுதியது.

விக்ரமில் 'அக்னிபுத்ரா' என்னும் ஏவுகணை களவு போகின்றது. களவாடியவன் சுகிர்தராசா, சத்தியராசு அவ்வேடத்தில் நடித்தார். கதைத்தலைவன் தன் மனைவியை இழக்கிறான். வஞ்சினம் கொண்டு ஏவுகணையைத் தேடிப் புறப்படுகிறான். அத்தகைய ஏவுகணை ஏன் செய்யப்பட்டது, எவர்மேல் ஏவுதற்கு என்ற வினா படத்தின் உயிரன்று. களவாடியவன் தீயவன், ஆகலின் அவனிடமிருந்து மீட்பது நன்று, அவ்வளவே. ஒன்று குறிக்கத்தக்கது. தமிழர் எழுதித் தமிழர் நடித்த படத்தின் ஏவுகணைக்குத் 'தீமகன்' என்று பெயரிட எவர்க்கும் தோன்றவில்லை. மூன்றாண்டு கழித்து, 1989 மே 22இல், இந்திய அரசு மெய்யாகவே ஓர் ஏவுகணையைச் செலுத்திற்று. அதன் பெயரும் அக்னி! அத்திட்டத்தைத் தலைமையேற்று நடத்திய அப்துல் கலாம் இராமேசுவரத்துத் தமிழர். படத்தில் பெயரும் வடமொழி. மெய்யிலும் பெயர் வடமொழி. உழைத்த மூளை மட்டும் தமிழ்.

'உலகம் சுற்றும் வாலிபன்' இதனின் ஒருபடி ஆழமானது. அதன் பாட்டையும் அயல்நாட்டுக் காட்சிகளையும் மட்டும் நினைவிற் கொண்டோர் கதையின் தொடக்கத்தை மறந்திருப்பர். மின்னலின் ஆற்றலைத் திரட்டிச் சேமிக்கும் வழியை முருகன் என்னும் அறிவியலாளன் கண்டுபிடிக்கிறான். அஃது அழிவுக்குப் பயன்படும் என்றஞ்சி, உலக அறிவியலாளர் கூடிய அவையில் தன் குறிப்புகளை எரித்துவிட்டதாகக் காட்டுகிறான். அவற்றை விலைபேச விரும்பும் உடன்தொழிலாளன் பைரவன் (அசோகன் நடித்த வேடம்) அவனை விடாது தொடர்கிறான். உண்மையில் முருகன் குறிப்புகளை அழிக்கவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறிடங்களில் மறைத்து வைத்தான். அதன்பின் நடப்பதெல்லாம் ஓட்டமும் சண்டையுமே. ஆயினும் தொடக்கத்தில் எழுந்த வினா பெரிது: கண்டறிந்தவனே தன் கண்டுபிடிப்பைத் தர மறுக்கலாமா? மறுத்தபின் அதனை மறைத்து வைப்பது மறுப்பாகுமா?

படத்தில் நிகழ்ந்தது மெய்வாழ்விலும் நிகழ்ந்ததுண்டோ எனின், உண்டு. ஆனால் மெய்வாழ்வின் கொடியவன் உரக்க நகைப்பதில்லை. கருப்பு உடுப்பு அணிவதுமில்லை. பிரிட்சு ஏபர் என்னும் செருமானிய வேதியலாளரை எண்ணிப் பாருங்கள். காற்றிலுள்ள உப்புவளியைப் பிடித்து உரமாக்க வழி கண்டவர் அவர். இன்று உலகத்தார் உண்ணும் சோற்றில் பெரும்பங்கு அவ்வழியே விளைவது. அவரே 1915 ஏப்பிரல் 22இல், பெல்சியத்து ஈப்பர் நகருக்கருகே நச்சுவளி வீசிய முதற் பெருந்தாக்குதலை முன்னின்று நடத்தியவர். நாட்டுப்பற்றினாற் செய்தார், பொருளுக்கு விற்கவில்லை. பத்து நாள் கழித்து அவர் மனைவி கிளாரா, தாமும் வேதியல் கற்றவர், கணவரது கைத்துமுக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். 1918ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஏபருக்கு வழங்கப்பட்டது. 1933இல், அவர் யூதக் குடியிற் பிறந்தவர் என்பதனால் இட்லரின் ஆட்சியில் அவருக்கு நாடில்லாமற் போயிற்று. இவரைக் கதைத்தலைவன் பக்கம் நிறுத்துவதா, எதிர்ப்பக்கம் நிறுத்துவதா? திரைப்படக்காரர் திகைத்துப் போவர்.

இனி, முருகனுக்கு மெய்யாக ஒப்பாகத்தக்கவரைப் பார்ப்போம். அவர் பெயர் சோசப்பு உரோட்டுபிளாட்டு. 1908இல் போலந்து நாட்டு வார்சா நகரிற் பிறந்தவர். அணுவியல் ஆய்வுக்காக 1939இல் இங்கிலாந்தின் இலிவர்ப்பூலுக்கு வந்தார். மனைவி தோலாவையும் அழைத்துக்கொள்ள அவ்வாண்டுக் கோடையில் வார்சா திரும்பினார், மனைவிக்கு நோய், உடன் பயணஞ்செய்ய இயலவில்லை. அவர் மட்டும் முதலிற் புறப்பட்டார். சில நாள்களில் இட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை.

இட்லர் அணுகுண்டைச் செய்துவிட்டால் உலகம் என்னாகும்? இந்த அச்சமே உரோட்டுபிளாட்டை அமெரிக்காவின் இலாசு அலமாசு மலையிலிருந்த குண்டாய்வுக் கூடத்துக்கு 1944இன் தொடக்கத்தில் கொண்டு சேர்த்தது. திரைக்கதை ஆசிரியர் எவரும் இதனினும் கொடிய எதிர்த்தலைவனைப் படைக்க இயலாது. இட்லருக்கு நிகர் இட்லரே. அவனை எதிர்க்க அவன் கருவியையே நாமும் ஏந்துவோம் என்று எண்ணிய நல்லோர் பலர் அம்மலையிற் கூடினர்.

அங்கே 1944 மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு விருந்து. திட்டத்தின் படைத்தலைவராகிய குரோவ்சு என்பார், இக்குண்டின் உண்மை நோக்கம் உருசியரை அடக்குவதே என்னும் பொருள்பட இயல்பாகப் பேசினார். அந்நாளில் உருசியர், இட்லரை எதிர்த்து நாடோறும் ஆயிரக்கணக்கில் உயிர்விட்டுக் கொண்டிருந்த நட்பு நாட்டார். கேட்ட உரோட்டுபிளாட்டு நடுங்கினார். அவ்வாண்டின் இறுதியில், செருமானியர் அணுகுண்டு முயற்சியை முன்னரே கைவிட்டனர் என்னும் செய்தி உறுதியாயிற்று. வந்த நோக்கம் முடிந்தது. ஆகவே செல்கிறேன் என்றார். அத்துணைப் பெரிய அறிஞர் கூட்டத்தில், அறத்தின் பொருட்டு அத்திட்டத்தை விட்டு வெளியேறிய அறிவியலாளர் அவரொருவரே.

வெளியேறுதல் எளிதாயிருக்கவில்லை. அவர் உருசியாவின் ஒற்றர் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஏன் செல்கிறார் என்பதை உடன்பணியாற்றியவரிடம் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டனர். தம் தாள்களையும் கடிதங்களையும் ஒரு பெட்டியிலிட்டுத் தொடர்வண்டியிற் சென்றார்; பெட்டி வழியிற் காணாமற்போயிற்று. முருகன் எரித்ததாகக் காட்டிய குறிப்புகள் எங்கோ மறைந்திருந்தன; உரோட்டுபிளாட்டின் தாள்களோ வழியிற் காணாமற்போயின.

1945 மே 8இல் செருமனி பணிந்தது. இட்லர் அதற்கு முன்பே மாண்டான். திரைப்படமாயின் இங்கே முடிவுரை காட்டப்பட்டிருக்கும். மெய்யுலகிலோ, கொடியவன் மாண்டபின் ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்து, ஆகசுடு 6இல் இரோசிமாவிலும், 9இல் நாகசாகியிலும் குண்டு விழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இரோசிமாவில் மட்டும் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். எவனை அஞ்சி அக்கருவி செய்யப்பட்டதோ, அவன் இறந்தும் கருவி இறக்கவில்லை. தனக்கு வேண்டிய பகைவனைத் தானே தேடிக்கொண்டது.

உரோட்டுபிளாட்டு அதன்பின் மருத்துவத்துக்குப் பயன்படும் இயற்பியலுக்கு மாறினார். 1955இல் இரசலும் ஐன்சுடைனும் விடுத்த அறிக்கையிற் கையொப்பமிட்டவருள் இளையவர் அவரே. 1957இல் கனடாவின் பக்குவாசு என்னும் சிற்றூரில், இருபுறத்து நாடுகளின் அறிவியலாளரும் கூடிப் பேசும் அமைப்பு தோன்றியது. அவ்வமைப்பின் 25ஆம் மாநாடு 1976 சனவரியில் இதே சென்னையிற் கூடியது என்பதை இங்குள்ளோர் பலர் அறியார். 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் அவ்வமைப்புக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 2005இல் தம் 96ஆம் அகவையில் மறைந்தார்.

இவ்வளவும் அயலார் செய்தியன்றோ, தமிழர்க்கு இதிற் கூற யாது உளது என்று எவரேனும் வினவலாம். உளது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டொன்று உண்டு. அம்பு விடுமுன் அவ்வேந்தன் பகைநாட்டில் அறிவிப்புச் செய்வானாம்: ஆக்களும், அவற்றின் இயல்புடைய பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், புதல்வரைப் பெறாதோரும் தத்தம் காவலிடம் அடைக என்பது அவ்வறிவிப்பு. இங்கு நோக்கத்தக்கது, யார் யார் பெயர் அப்பட்டியலில் உள்ளன என்பதன்று. போரில் கொல்லத்தகாதோர் என்று ஒரு பகுப்பு உண்டு; அவர்க்கு விலக நேரம் தருதல் வேந்தன் கடன் என்பதே. முல்லரும் கப்பலை மூழ்கடிக்குமுன் பணியாளரை இறக்கியபோது இவ்வறத்தையே பின்பற்றினார். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரமும், பகைவன்மேற் காட்டும் கடுமையைப் பேராண்மை என்று கூறி, அவனுக்கு இடர் வந்தவிடத்து உதவுதலே அப்பேராண்மையின் கூர்மை என்கிறது.

பேரழிவுப் படைக்கலம் என்பது இந்தப் பகுப்பைச் செய்ய இயலாத கருவி. ஆவும் ஆண்மகனும், பிணியாளனும் படைஞனும் அதற்கு ஒன்றே. அதை ஏந்துவோன் அறவோனாயினும், அறிவிப்புச் செய்ய அவனுக்கு வாயில்லை, விலகுவோர்க்கு இடமுமில்லை. கை நல்லதா தீயதா என்னும் வினா இங்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பாலவாக்கம் அமைந்த இந்நிலம் தொண்டை நாடு. இந்நாட்டு வேந்தன் தொண்டைமானிடம் அதியமானின் தூதாக ஔவையார் வந்தார். தன் படைவலியைக் காட்ட விரும்பிய தொண்டைமான் அவரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு அடுக்கிய வேல்களைக் கண்டு, இவை எத்துணை அழகு என்று புகழ்ந்தார் ஔவை. அதியமான் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று இகழ்வது போற் கூறினார். பழிப்பும் புகழும் இடம் மாறி நின்றன. தொண்டைமான் அதை உணர்ந்திருப்பான். இன்று ஒன்பது நாடுகளின் கொட்டில்களில் ஏறத்தாழ 12,000 அணுப்படைக்கலங்கள் நெய் பூசி வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றுகூட நுனி மழுங்காதிருப்பதே உலகின் நற்பேறு! ஔவையின் எள்ளல் இன்று தலைகீழாயிற்று.

அழித்தல் இயலாததன்று. இந்திய அரசு தன்னிடம் வேதியற் படைக்கலங்கள் உள்ளன என்று 1997இல் உலகறிய ஒப்புக்கொண்டது. 2009இல் அவையனைத்தையும் அழித்து முடித்தது. எந்தக் கதைத்தலைவனும் அவற்றை எவன் கையிலிருந்தும் பறிக்கவில்லை. வைத்திருந்த கையே எண்ணிப் பார்த்து, ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு, ஒவ்வொன்றாக அழித்தது. இச்செய்தியைப் படமாக்க எவரும் முன்வரவில்லை. சண்டைக்காட்சி இல்லாத கதையன்றோ! 1974இலும் 1998இலும் பொக்ரானில் வெடித்துப் பார்த்த அணுக்கருவி பற்றி அதே அரசு இன்னும் அவ்வாறு எண்ணவில்லை. அணுப்படைக்கலத்தை முற்றாக விலக்கும் உலக ஒப்பந்தம் 2017 சூலையில் உருவாகி, 2021 சனவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. அக்கருவியை வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுள் ஒன்றும் அதிற் கையொப்பமிடவில்லை.