ஆயில் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறதா?

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். அதற்கு மேல் மலை. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது. இரண்டாவது பாதை 1974-இல் வந்தது. இப்போது கார்கள் புதிய பாதையில் ஏறுகின்றன. பழைய பாதையில் இறங்குகின்றன. ஏறும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகும். சூட்டில் ஆயில் இளகும். அழுத்தம் குறையும்.

அழுத்தம் என்றால் என்ன? இன்ஜினின் அடியில் ஒரு தொட்டி. அதில் ஆயில் நிற்கிறது. ஒரு பம்ப் அதை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அப்படித் தள்ளும் விசைதான் அழுத்தம். சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் பாலாடைபோல் மெல்லிதாக நிற்கும். அது அறுந்தால் இரும்போடு இரும்பு உரசும். இன்ஜின் இறுகிவிடும். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அது பல மாத வருமானம்.

சாவியைத் திருப்பியதும் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பையும் ஒயரையும் பாருங்கள். ஒயரை வேண்டுமென்றே கழற்றிவிடும் டிரைவர்களும் உண்டு. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்!

பல கார்களில் அழுத்தம் 5 பவுண்டு அளவுக்கு இறங்கிய பிறகே விளக்கு எரியும். அதாவது, கடைசி நேரத்தில். "கீழே போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி, உடனே இன்ஜினை அணையுங்கள். கை பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிப் போகவும் கூடாது. பிரேக் சரியாகப் பிடிக்காது.

பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். சரிவில் நிற்கும் காரில் குச்சி பொய் சொல்லும். சமதரையில் பார்ப்பதே சரி.

வளைவில் மட்டும் விளக்கு மினுக்கினால், பெரும்பாலும் ஆயில் குறைவு. கார் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும்.

அளவு சரி, விளக்கும் எரிகிறது என்றால்? குச்சி அளவைத்தான் சொல்லும், அழுத்தத்தைச் சொல்லாது. காரை மெக்கானிக்கிடம் இழுத்துப் போக வேண்டும். அவர் அழுத்த சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டர் மாட்டுவார். சூடான இன்ஜினில் ஆயிரம் சுற்றுக்கு 10 பவுண்டு என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. சரியான அளவு காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். மீட்டர் சரியாகக் காட்டினால் சுவிட்சு அல்லது ஒயர்தான் பழுது, சின்னச் செலவு. குறைவாகக் காட்டினால் பம்ப்பையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.